கரும்பாலைல நட்டுக்க நின்ன பழைய கார் பேக் ஆக்சில் – எந்த வண்டியோடது, என்ன விலை போகும்?

தோட்டத்துச்சாளை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தவன், இன்னைக்குத்தான் முதல் தடவை கேள்வி போடறேன். எங்க தோட்டம் உடுமலைப்பேட்டை பக்கம். அப்பாரு காலத்துல கரும்பு போட்டு சொந்தமா ஆலை வெச்சு வெல்லம் காய்ச்சிட்டு இருந்தாங்க, அது நின்னே நாப்பது வருசம் இருக்கும், இப்ப முழுக்கத் தென்னைதான். போன வாரம் அந்த ஆலைக் கொட்டாயப் பிரிச்சோம். உள்ள கரும்பு ஆட்டற உருளைக்குப் பக்கத்துல ஒரு கார் பேக் ஆக்சில் செங்குத்தா நிக்குது. படுக்கையா இல்லீங்க, ஒரு சக்கர முனை கீழ காரைக்குள்ள புதைஞ்சு கெடக்கு, இன்னொரு முனை மேல ஆள் நெஞ்சு உயரத்துல இருக்கு, அதுல ஒரு பெரிய பல்சக்கரத்த நட்டு போட்டு முடுக்கி வெச்சிருக்காங்க. நடுவுல இருக்கற குண்டுல இருந்து ஒரு தடி பைப்பு பக்கவாட்டுல நீட்டிட்டு வருது, அதை ரெண்டடி விட்டு அறுத்து உள்ள இருக்கற ஷாஃப்ட்டுல பெல்ட் ஓடற புள்ளி மாட்டியிருக்காங்க. ஆயில் எஞ்சின்ல இருந்து பெல்ட்டு போட்டு ஓட்டுனாங்களாமா, பெரியப்பா சொல்றாரு.

அவரு இன்னொன்னும் சொல்றாரு, வால்பாறை எஸ்டேட் துரை ஒருத்தரோட காராம், ரோல்ஸ் ராய்ஸாம். அவரு சொல்றதுல பாதிதான் எப்பவும் தேறும். மச்சான் ஒருத்தன் விண்டேஜ் சாமான்னா லட்சத்துல போகும்டாங்கறான். பழைய இரும்புக்காரர் வந்து பாத்துட்டு கிலோ 30 ரூவா, நூறு கிலோவுக்கு மேல தேறும், கேஸ் கட்டர் வெச்சு ரெண்டா அறுத்து நானே ஏத்திக்கறேன்னு சொல்லீட்டுப் போயிருக்காரு, வெள்ளிக்கிழமை வருவாரு.

துரு புடிச்சிருக்கு, பேரு எதும் கண்ணுல படலை. சக்கரத்துக்கு அஞ்சு போல்ட்டு. ரெண்டு பக்கம் போற குழாயும் நாதஸ்வரம் மாதிரி, நடுவுல அகலமா இருந்து முனைக்குப் போகப் போக ஒடுங்குது. இது என்ன வண்டி, குடுக்கலாமா வேண்டாமான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.


புதுப்பேட்டை_ரவுண்டு:

தலைவா இது ஜீப் ஆக்சில். அஞ்சு போல்ட்டு, நடுவுல குண்டு, வேற என்ன வேணும். மஹிந்திரா 1940கள் கடைசில இருந்து ஜீப்பு மாட்டிட்டு இருக்கான், ஊருக்கு ஊரு ராட்டினத்துக்கும் தண்ணி டேங்கர் ட்ரெய்லருக்கும் அந்த ஆக்சில்தான் போவும். 30 ரூவா நல்ல ரேட்டு, போட்டுட்டு போய்ட்டே இரு.


கிரீஸ்கை:

ரவுண்டு அவசரப்படாதீங்க. தோட்டத்துச்சாளை, முதல் வேலையா அந்த இரும்புக்காரருக்கு ஃபோன் போட்டு வெள்ளிக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிடுங்க, மத்தது அப்புறம். கேஸ் கட்டர் பட்டுச்சுன்னா இங்க யாரும் பதில் எழுதி பிரயோஜனம் இல்ல.

நீங்க எழுதினதுலயே ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்னு, "தடி பைப்பு". ஜீப்புக்கு எஞ்சின் சுத்தைப் பின்னாடி கொண்டு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வெளில தெரியும், யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு ஃபிளாஞ்ச்ல முடிஞ்சிடும், மேல உறை கிடையாது. உங்களுது குண்டுல இருந்தே பைப்பு கிளம்பி ஷாஃப்ட் அதுக்குள்ள ஓடுதுன்னா அது டார்க் டியூப். அந்தக் காலத்துல ஃபோர்டு, செவர்லே, ப்யூக் எல்லாம் இப்படித்தான், சக்கரம் தள்ளுற தள்ளு எல்லாத்தையும் அந்த டியூப்தான் வாங்கி கியர்பாக்ஸ் பக்கம் குடுக்கும். ரெண்டாவது, நாதஸ்வரம்னீங்க பாருங்க, இங்கிலீஷ்காரனும் அந்தக் குழாய்க்கு ட்ரம்பெட்னுதான் பேர் வச்சிருக்கான், நீங்களா பாத்து அதே மாதிரி சொல்லிட்டீங்க. ஜீப்ல நேர் குழாய், நடுக்குண்டு நடுவுல இருக்காது ஒரு பக்கமா தள்ளி இருக்கும், பின்னாடி தட்டு மாதிரி ஒரு மூடி இருக்கும், கழட்டினா உள்ள கிரவுன், அதாவது சக்கரத்தைச் சுத்த வைக்கற பெரிய பல்சக்கரம், தெரியும்.

இப்ப நீங்க பாக்க வேண்டியது. நடுக்குண்டுல இணைப்புக் கோடு எங்க இருக்குன்னு துருவைத் துணியால துடைச்சுப் பாருங்க. கம்பி பிரஷ்ஷு, கிரைண்டர் ரெண்டும் வேண்டாம், அடிச்ச எழுத்து ஏதாவது இருந்தா அதோட போயிடும், டீசல் நனைச்ச துணி போதும். குண்டுக்கு நட்டநடுவுல ஒரே ஒரு கோடு, ரெண்டு பாதியும் அங்கயே சேருதுன்னா ஃபோர்டு மாடல் டி. நடுக்குண்டு தனித் துண்டா இருந்து அதுக்கு ரெண்டு பக்கமும் ட்ரம்பெட் வந்து போல்ட்டுல சேந்தா, அதாவது ரெண்டு கோடு இருந்தா, மாடல் ஏ, இல்லன்னா அதுக்குப் பின்னாடி வந்த வி8. அடுத்தது குழாய் மேல ஸ்பிரிங் பட்டைக்கட்டு உக்கார்ற சப்பையான மேடை இருக்கான்னு பாருங்க. இருந்தா வண்டி நீளவாக்குல ரெண்டு பட்டை, செவர்லே பக்கம் யோசிக்கணும். மேடையே இல்லாம சக்கரத்துக்குப் பக்கத்துல மட்டும் கொக்கி மாட்டுற காது இருந்தா குறுக்கால ஒரே பட்டை, அது ஃபோர்டு.

அளவும் எடுங்க. அஞ்சு போல்ட்டு இருக்கறதால எதிரெதிர் அளக்க முடியாது, பக்கத்துப் பக்கத்து ரெண்டு போல்ட்டு நடு மையத்துல இருந்து நடு மையம் எத்தனை மில்லிமீட்டர்னு பாருங்க. 82 வந்தா வட்டம் அஞ்சரை இன்ச். ரவுண்டுக்காக ஒன்னு சொல்றேன், ஜீப்பும் அதே அஞ்சரைதான், அதனால அவர் ஏமாந்ததுல தப்பில்ல.


வெட்டி_ஆபீசர்:

ரோல்ஸ் ராய்ஸ்ல கரும்பு ஜூஸ் புழிஞ்ச ஒரே குடும்பம்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரிய சான்ஸ் இருக்கு, அளவு எல்லாம் எடுத்து அதைக் கெடுத்துக்காதீங்க.


வடமராட்சி_மைனர்:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் எல்லாம் சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடினது, இப்பவும் வீட்டுக்கு வீடு நிக்குது. உங்கட பொருள் அந்தச் சாதி இல்லை எண்டது வாசிக்கவே விளங்குது, மைனருக்கு நாலு நட்டு. ஆனா ஒரு விசயம் எல்லாருக்கும் உதவும். எந்த அச்சு எண்டாலும் பல்லுக் கணக்குத்தான் அதின்ர கைரேகை. மைனரில கிரவுனில 9/41 எண்டு அடிச்சிருந்தா, அதாவது அதைச் சுத்துற சின்னப் பல்லான பினியனுக்கு 9, கிரவுனுக்கு 41, வகுத்தா 4.55, 9/38 எண்டா 4.22, பழைய 803 சிசி வண்டியின்ர எண்டா 8/43, அது 5.375. வெளித்தோற்றம் எல்லாம் ஒண்டு போல இருக்கும், உள்ளுக்க வேற. இஞ்ச 4.22 ஐத் தேடித் தேடி வாங்குவினம், 5.375 ஐ ஒருத்தரும் தொடமாட்டினம், ஏத்தம் ஏறும் ஆனா நெடுந்தூரம் ஓடேக்க எஞ்சின் கத்திக் கொண்டே போகும். விலை அதிலதான் மாறுது. நீங்களும் உங்கட அச்சின்ர பல்லைக் கணக்குப் பாருங்கோ.


கிரீஸ்கை:

மைனர் அண்ணன் சொன்னது ரொம்ப சரி. திறக்காமலே பல்லுக் கணக்கு பாக்கலாம். உங்களுக்கு இன்னும் சுலபம், ஏன்னா உங்க ஆக்சிலோட ஒரு முனை ஏற்கனவே காரைக்குள்ள லாக் ஆயிருக்கு. ஒரு சக்கரம் அசையாம நின்னா இன்னொரு சக்கரம் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கிரவுன் ஒரு சுத்து வரும், வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியலோட வேலையே அதுதான். அதனால மேல் பல்சக்கரத்துல சாக்பீஸ் கோடு போட்டு கரெக்டா ரெண்டு சுத்து சுத்துங்க, அதுக்குள்ள புள்ளி எத்தனை சுத்து வருதுன்னு எண்ணுங்க, கடைசி கால் சுத்து அரைக்கால் சுத்து கூட முக்கியம். வர்ற நம்பர்தான் ரேஷியோ, மைனர் அண்ணன் சொன்ன அந்த 4.55 மாதிரி.

சுத்தலைன்னா கடப்பாரை போட்டு நெம்பாதீங்க. குண்டு மேல இருக்கற பிளக்கைக் கழட்டி டீசலும் ஏடிஎஃப்னு விக்கற ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஊத்தி ரெண்டு மூணு நாள் விடுங்க.


தோட்டத்துச்சாளை:

மன்னிக்கணும், நாலு நாளா வர முடியலை, தேங்காய் வெட்டு. இரும்புக்காரர்கிட்ட சொல்லீட்டேன், கிலோ 34 தர்றேன்னு ஏத்தறாரு, அதனாலயே இப்ப எனக்கு சந்தேகம் ஜாஸ்தி ஆயிருச்சுங்க.

கிரீஸ்கை அண்ணா நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணுனேன். கோடு ரெண்டு இருக்கு, நடுக்குண்டு தனி. பட்டை மேடை இல்லை, கீழயும் மேலயும் சக்கரத்துக்குப் பக்கத்துல காது இருக்கு. போல்ட்டு மையம் 82 மில்லிமீட்டர் அட்சரம் பிசகாம. ப்ரேக் ட்ரம்மு வெளிப்பக்கமா அளந்தா 11 இன்ச்சுக்கு ஒரு விரக்கடை மேல வருது. மூணு நாள் ஊறுனதுக்கப்புறம் எங்க பண்ணையத்து ஆளு சும்மா கையில புடிச்சு ஆட்டுனாரு, கிர்ருனு ஒரு சத்தம், அப்படியே சுத்திருச்சு. நாப்பது வருசத்துக்கு அப்புறம்! பெரியப்பா வந்து நின்னு பாத்தாரு, ஒண்ணும் பேசலை.

மேல ரெண்டு சுத்துக்கு புள்ளி மூணே முக்காலுக்கு ஒரு இழை கூட வருது. மூணு தடவை எண்ணிப் பாத்தேன், நாலு வரலை.


கிரீஸ்கை:

3.78. ஒன்பது பல்லு பினியன், முப்பத்திநாலு பல்லு கிரவுன். ஃபோர்டு மாடல் ஏ தான், 1928ல இருந்து 1931 வரைக்கும் வந்த வண்டி. பின்னாடி வந்த ஃபோர்டு வி8லயும் 3.78 உண்டுதான், ஆனா அதுல ட்ரம் 12 இன்ச், உங்களுது 11. மாடல் டின்னா 11 பல்லுக்கு 40, 3.63 வந்திருக்கும், கோடும் ஒன்னுதான் இருந்திருக்கும். மாடல் ஏ லாரி, ஏஏன்னு சொல்வாங்க, அதோட ஆக்சில் இதைவிட ரொம்ப பெருசு, நெஞ்சு உயரத்துல நட்டு வைக்கற சமாச்சாரம் இல்ல. ஆக, பெரியப்பாவோட துரை நிஜமா இருக்கலாம், ரோல்ஸ் ராய்ஸ் மட்டும் இல்ல. எஸ்டேட் ரோட்டுக்கு ரோல்ஸை விட இதுதான் பொருத்தம், தரையில இருந்து உயரமா நிக்கும், குறுக்குப் பட்டையால எந்தக் குழியில இறங்கினாலும் சேஸ் முறுக்கிக்காது.

இந்தியாவுக்கு இது எப்படி வந்துச்சுன்னா, ஃபோர்டு இங்க கம்பெனி ஆரம்பிச்சது 1926ல, அமெரிக்காவுல இருந்து நேரா இல்ல, கனடா ஃபோர்டோட கிளை. பிரிட்டிஷ் ஆட்சி இருந்த நாடுங்களுக்கு வலது பக்க ஸ்டியரிங் வண்டி எல்லாம் கனடா வழிதான். 1950கள் நடுவுல இங்க மூடிட்டுப் போயிட்டாங்க, அதுக்கப்புறம் பழைய வண்டிக்கு சாமான் கிடைக்காம, எஞ்சின் தண்ணி இறைக்கப் போச்சு, ஆக்சில் ஆலைக்குப் போச்சு, பாடி கோழிக்கூண்டு ஆச்சு. எங்க பக்கத்துலயே இதே கதை ரெண்டு மூணு கேட்டிருக்கேன்.

விலைக்கு வர்றேன். லட்சம்னு சொன்ன மச்சானை உக்கார வச்சு காபி குடுங்க. மாடல் ஏ அரிய வண்டியே இல்ல, நாப்பது லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளின வண்டி, அமெரிக்காவுல இன்னைக்கும் கிரவுன் பினியன், ஆக்சில் ஷாஃப்ட், ட்ரம், பேரிங் எல்லாம் புதுசாவே பண்ணி விக்கறாங்க. எல்லா சாமானும் ஒரே வண்டியோடது, நம்பர் மேட்சிங்னு ஏமாத்தவும் வழி இல்ல, மாடல் ஏல வண்டி நம்பர் எஞ்சின்லயும் சேஸ்லயும்தான், ஆக்சிலை எந்தக் காரோடயும் சேத்துச் சொல்ல முடியாது. அதே சமயம் கிலோ 34ம் அநியாயம். இங்க இருக்கறவன் அங்க இருந்து ஹவுசிங்கை, அதாவது நடுக்குண்டும் குழாயும் சேந்த கூட்டை, இறக்கணும்னா சாமான் விலைய விட கப்பல் கூலியும் டூட்டியும்தான் கழுத்தறுக்கும், கனமான சாமானாச்சே. அதனால நம்ம ஊர்ல விலைங்கறது ஹவுசிங்குக்கும் உள்ள இருக்கற பல்லுக்கும்தான். அது எந்த நிலைமைல இருக்குன்னு திறக்காம நான் ஒரு ரூபா கூட சொல்ல மாட்டேன்.

ப்ரேக்குப் பக்கமும் பாத்துக்கங்க. பெரிய லைனர் ஷூ போக உள்ளயே ஹேண்ட்ப்ரேக்குக்குத் தனியா ஒரு பட்டை இருக்கான்னு. 1928 ஆரம்பத்துல வந்த வண்டிகள்ல அது கிடையாது, கால் ப்ரேக்கும் கை ப்ரேக்கும் ஒரே ஷூவைத்தான் இழுக்கும், சில மாசத்துலயே மாத்திட்டாங்க. அந்த ஆரம்ப கால சாமானா இருந்தா தேடுறவன் தனி, விலையும் தனி.


லேத்துப்பட்டறை:

கோயம்புத்தூர் கணபதில லேத் வச்சிருக்கேன், பழைய வண்டி வேலை நிறைய வரும். எல்லாரும் காரா ஓடின ஆக்சிலா நினைச்சுப் பேசறீங்க, இது ஆலையா ஓடினது. அதுல ஒரு வில்லங்கம் இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காரு நேரா போறப்ப டிஃபரன்ஷியல் உள்ள இருக்கற சின்னப் பல்லுங்க, ஸ்பைடர் கியர், சுத்தவே சுத்தாது, மொத்தமா கூண்டோட சேந்து போகும். வளைவுல திரும்பறப்ப மட்டும் கொஞ்சம் உருளும். அதனாலதான் அதுக்கு பேரிங் எல்லாம் கிடையாது, வெறும் குச்சி மேல ஏறி நிக்கும். இவங்க என்ன பண்ணியிருக்காங்க, ஒரு முனைய காரைக்குள்ள லாக் பண்ணிட்டாங்க. அப்ப எஞ்சின் ஓடற ஒவ்வொரு நிமிஷமும் ஸ்பைடர் சுத்திட்டே இருந்திருக்கும், வருஷக்கணக்கா, கரும்பு நசுக்கற லோடுல. காருக்கு அது பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் வளைவுலயே போன மாதிரி.

சரி ஸ்பைடர் போனா போகுது மாத்திக்கலாம்னு பாத்தா, இந்த ஃபோர்டுல ஸ்பைடரோட கடிக்கற பக்கத்துப் பல்லு தனியா கிடையாது, ஆக்சில் ஷாஃப்ட்டோட முனையிலயே ஒரே இரும்பா அடிச்சிருப்பான். பல்லு போச்சுன்னா ஷாஃப்டே போச்சு. இன்னொன்னு, செங்குத்தா நின்னதால ஆயில் எல்லாம் கீழ எறங்கியிருக்கும், மேல் பேரிங் வறட்டு வறட்டுன்னு ஓடியிருக்கும். இதுல ரோலர் பேரிங்குக்கு உள் ரேஸ், அதாவது உள்வளையம், கிடையாது, ரோலர் நேரா ஹவுசிங் முனை மேலயே ஓடும், அதனால தேஞ்சது ஹவுசிங்காத்தான் இருக்கும். கையில தடவிப் பாருங்க, படி மாதிரி நகத்துல தட்டும்.

சக்கரம் மாட்டற ஹப் கழட்டறப்ப ஒன்னு. ஷாஃப்ட் முனை கூம்பு மாதிரி டேப்பரு, வழுக்காம இருக்க சாவின்னு ஒரு இரும்புத் துண்டு போட்டு நட்டு முடுக்கி இருக்கும், இத்தனை வருஷத்துல ஒட்டிக்கிட்டு வராது. பக்கத்து மெக்கானிக் சுத்தியலோட வருவார், விடாதீங்க. ஹப்போட வெளிப்பக்கம் கழுத்துல ஒரு காடி இருக்கும், அதைப் புடிச்சு இழுக்கற புல்லர் வேணும், மூணு கால் புல்லர் போட்டு ட்ரம்மை இழுத்தா ட்ரம்முதான் வளையும். நட்டை முழுசா எடுத்துடாம ஒரு மரை தள்ளி விட்டுட்டு இழுங்க, திடீர்னு விட்டா மூஞ்சிக்கு வரும். உடுமலைல இருந்து கணபதி ஒன்னும் தூரமில்ல, வேணும்னா என்கிட்ட புல்லர் இருக்கு.


தோட்டத்துச்சாளை:

லேத்து அண்ணா, சத்தியமா சொல்றேன், நீங்க எழுதுனத படிச்சதே ராத்திரி, காலைல எங்கூர் மெக்கானிக் ஏழு மணிக்கே எட்டு கிலோ சம்மட்டியோட வந்து நிக்கறாரு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சேன். அப்பறம் டெம்போல போட்டு நேரா உங்க பட்டறைக்கே கொண்டாந்தது உங்களுக்கே தெரியும், மத்தவங்களுக்காக எழுதறேன்.

காரைய உடைச்சு எடுக்கவே ஒரு நாள் ஆச்சுங்க. கீழ் ட்ரம்மு சுண்ணாம்புல உப்பு பூத்து ஓட்டை, அது ஆகாது. புல்லர் மாட்டி முடுக்கிட்டு அண்ணன் பாட்டுக்கு சாப்பிடப் போயிட்டாரு, நாங்க உக்காந்து பாத்துட்டே இருக்கோம், இருவது நிமிசம் கழிச்சு துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம், ஹப்பு தானா விட்டிருந்துச்சு.

திறந்து பாத்ததுல கீழ் பாதி முழுக்க கறுப்பு ஆயில் களிம்பு, துரு ஒரு பொட்டு இல்லை. கிரவுனும் பினியனும் நேத்து மாட்டுன மாதிரி இருக்குங்க, பல்லு எண்ணுனோம், 34, 9. ஸ்பைடர்தான், அண்ணன் சொன்னதே சொன்னது. பல்லு நுனி எல்லாம் அருவா மாதிரி கூரா ஆயிருக்கு, உள்ள ஓட்டை நீள்வட்டமா போயிருக்கு, ஆட்டுனா லொடலொடங்குது. ரெண்டு ஷாஃப்ட்டு முனைப் பல்லும் அதே கதை. மேல் பேரிங் ரோலர் ரெண்டு உடைஞ்சு தூளா கொட்டுச்சு, ஹவுசிங் முனைல பல்சக்கரம் இழுத்த பக்கம் மட்டும் ஒரு பள்ளம், நகம் உள்ள இறங்குது. கீழ் முனை புதுசு மாதிரி, அது சுத்தவே இல்லீல்ல. ப்ரேக்குல ஹேண்ட்ப்ரேக் பட்டை தனியா இருக்கு, அதனால ஆரம்ப கால சாமான் இல்லைன்னு ஆயிருச்சு. துடைச்சப்ப ஒரு எடத்துல ஃபோர்டுன்னு வளைச்சு வளைச்சு எழுதுன எழுத்து தெரிஞ்சுது, அதை மட்டும் ஃபோட்டோ எடுத்து பெரியப்பாவுக்குக் காட்டுனேன். "அப்ப ரோல்ஸ் ராய்ஸ் இன்னொண்ணு"ங்கறாரு.


வெட்டி_ஆபீசர்:

பெரியப்பா மேல எனக்கு மரியாதை கூடிட்டே போகுது.


கிரீஸ்கை:

இப்ப கணக்கு போடலாம். நல்ல கிரவுன் பினியன் ஒரு ஜோடி, ஜோடியாவே ஓடிப் பழகினது, பிரிக்காம வைங்க, ஒன்னை மட்டும் வித்தீங்கன்னா ரெண்டும் வீண். நடுக்குண்டு, விரிசல் இல்லன்னா. ட்ரம்பெட் ரெண்டு, ஒன்னு அப்படியே மாட்டலாம், ஒன்னு லேத்துல முனையைக் கடைஞ்சு மேல ஸ்லீவ்னு ஒரு இரும்பு உறை அடிக்கணும், அந்த வேலைக்குன்னே ஸ்லீவ் விக்கறாங்க, இல்லன்னா நம்ம லேத்துக்காரரே போட்டுடுவார். ஹப் ரெண்டு. மேல் ட்ரம் ஒன்னு. ப்ரேக் தட்டு, ஹேண்ட்ப்ரேக் சாமான். தேறாதது: ஷாஃப்ட் ரெண்டு, ஸ்பைடர், ஒரு ட்ரம், அறுத்த டார்க் டியூபும் ட்ரைவ் ஷாஃப்ட்டும்.

நான் வாங்கறவனா இருந்தா 15,000 குடுப்பேன், விக்கறவனா இருந்தா 25,000 சொல்லி 18ல முடிப்பேன். இது என் கை அனுபவம், ரேட் கார்டு கிடையாது. டியூப் அறுபடாம ஷாஃப்ட்டும் நல்லா இருந்திருந்தா இதுல ரெண்டு மடங்கு தயங்காம கேட்டிருக்கலாம். சாண்ட் பிளாஸ்ட் பண்ணி கறுப்பு பெயின்ட் அடிச்சு விக்காதீங்க, பெயின்ட் அடிச்ச பழைய சாமானைப் பாத்தா எனக்கு முதல்ல வர்ற சந்தேகமே எந்த விரிசலை மூடியிருக்கான்ங்கறதுதான். ஆயில் தடவி சாக்குல சுத்தி வைங்க போதும்.

அப்புறம் 2021ல மத்திய அரசு 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ்னு தனி ரெஜிஸ்ட்ரேஷன் கொண்டு வந்தாங்கல்ல, அதுக்கப்புறம் என் வட்டத்துல நாலஞ்சு பேர் ஷெட்டுல தூங்கின வண்டிய எழுப்பிட்டு இருக்காங்க. கோயம்புத்தூர்ல ஒருத்தர் 1929 ஃபீட்டன், துணிக்கூரை போட்ட திறந்த கார், வச்சிருக்கார், அவர் வண்டில கிரவுன் ஊளையிடுது. கேட்டு வைக்கறேன்.


புதுப்பேட்டை_ரவுண்டு:

சரி சரி ஜீப் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா 18 ரொம்ப கம்மி கிரீஸு, எங்க ஏரியால விண்டேஜ்னு ஒரு வார்த்தை சொன்னாலே வெறும் ஹப்பு மூடிக்கே நாலாயிரம் கேக்கறான்.


கிரீஸ்கை:

கேக்கறான், சரி. வாங்கறானா?


லேத்துப்பட்டறை:

ரவுண்டு, ஹப்பு மூடிய சுவத்துல மாட்டலாம். ஆக்சிலை யாரு மாட்டுவா. இதை வாங்கறவன் வண்டி வச்சிருக்கறவன் மட்டும்தான், அவனுக்குப் பல்லு தெரியும். அந்த ஸ்லீவ் வேலைக்கு நான் எவ்வளவு வாங்குவேன்னு கூட அவனுக்குத் தெரியும், அதைக் கழிச்சுத்தான் கேப்பான்.


வடமராட்சி_மைனர்:

தம்பி, அந்தத் தேஞ்ச ஸ்பைடரை எறிஞ்சு போடாதேங்கோ. கூர் வந்த பல்லு எப்பிடி இருக்கும் எண்டு இஞ்ச கன பேர் கண்டதே இல்லை, ஒரு நல்ல படம் எடுத்துப் போட்டா உதவி.


தோட்டத்துச்சாளை:

கிரீஸ்கை அண்ணா அனுப்பி விட்ட ஃபீட்டன்காரர் ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வந்தாருங்க. அரை மணி நேரம் கிரவுனை மட்டும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு, பல்லுல நீலச் சாயம் தடவி பினியனோட சுத்தி தடம் எப்படி விழுதுன்னு பாத்தாரு, அப்பறம்தான் பேசவே ஆரம்பிச்சாரு. 17,500க்கு முடிஞ்சுது, தேறாத ஷாஃப்ட்டும் ஸ்பைடரும் எங்கிட்டயே இருக்கட்டும்னு வாங்கிட்டேன், ஸ்பைடர் படம் நாளைக்குப் போடறேன் மைனர் அண்ணா. இரும்புக்காரர் ரேட்டுக்கு நாலாயிரம் கூட வந்திருக்காது. புள்ளி மட்டும் பெரியப்பா தர மாட்டேன்னுட்டாரு, திண்ணைல வெச்சிருக்காரு.


கிரீஸ்கை:

நல்ல விலைதான். ஒரு கேள்வி, யாரும் கேக்கல. பேக் ஆக்சில் ஆலைக்குப் போச்சு, சரி. ஃப்ரன்ட் ஆக்சில் எங்க? அதைப் பெரும்பாலும் டயர் வண்டிக்குத்தான் அடிப்பாங்க, பெரியப்பாகிட்ட கேட்டுப் பாருங்க.


தோட்டத்துச்சாளை:

கேட்டனுங்க. சிரிக்கறாரு. மேக்காலத் தோட்டத்துக்காரங்களுக்கு அப்பாரு அப்பவே குடுத்துட்டாராமா, அவங்க டயர் மாட்டு வண்டி நான் சின்னப் பையன்ல இருந்து பாக்கற வண்டி, நேத்துக் கூட மட்டை ஏத்திட்டு எங்க வாசல் வழியாத்தான் போச்சு. இன்னைக்கு சாயந்திரம் மறிச்சு நிறுத்திக் குனிஞ்சு பாத்தேன். அஞ்சு போல்ட்டு. பக்கத்துப் பக்கத்து மையம் 82.